சூட்டறைக்குள் வைத்த சட்டி

போன திங்கட்கிழமை ஸ்டோரில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கம்பத்திலிருந்து வந்தவள், வாய் சும்மா இருக்காது. "அக்கா, சோத்துச் சட்டிய உள்ள கொண்டாரக் கூடாதுங்கறாகளே, எதுக்கு? கொட்டுற மழையில வெளியில நின்னு திங்கணுமாம். நாம என்ன மாடா?" என்றாள்.

"எனக்குத் தெரியாதுடி. நான் வரும்போதே அப்பிடித்தேன்," என்றேன்.

இரண்டுமே பொய். நான் வரும்போது அப்படிக் கிடையாது. அந்தச் சட்டம் வந்ததே என்னால்தான். என்னோடு இதே ஸ்டோரில் வேலை பார்த்த பேச்சி செத்து அன்றைக்குப் பதினோராவது நாள். அவள் பெயரை என் வாயால் சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம். அழுதால் ஏன் அழுகிறாய் என்று கேட்பார்கள். கேட்டால் அந்தச் சட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதனால் குனிந்து, பிளந்த காயை ஒரு பக்கமும் முழுக் காயை ஒரு பக்கமும் ஒதுக்கிக்கொண்டே இருந்தேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். முன்பின் மாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஸ்டோர் கம்பம்மெட்டுக்கு மேற்கே, கேரளத்துப் பக்கம், காட்டுக்குள் இறங்கிப் போகிற பாதையில் இருக்கிறது. ஸ்டோர் என்றால் கடை என்று நினைக்காதீர்கள். பறித்த பச்சை ஏலக்காயைச் சூட்டில் வாட்டுகிற கட்டடம். ஒரு கோடியில் பெரிய அடுப்பு. அடுப்பிலிருந்து ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு இரும்புக் குழாய் கிளம்பி, நடுவில் இருக்கும் அறையின் தரையோடு சுற்றிவிட்டு, அந்தப் பக்கம் புகைபோக்கி வழியாக வெளியே போகும். நடு அறையில் குழாய்க்கு மேலே கம்பி வலைத் தட்டுகளை அடுக்கடுக்காக வைத்து அதில் காயைப் பரப்புவோம். அதைச் சூட்டறை என்போம். தட்டு நிறைந்ததும் கங்காணி கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். மறுநாள் காலையில்தான் திறப்பார். நடுவில் திறந்தால் சூடு இறங்கிவிடும், காயின் பச்சை நிறம் வெளுத்துப்போகும்.

சூட்டறைக்குள் இருக்கிற ஏலக்காய்க்கு ஒரு குணம் உண்டு. ஈரம் பாதி போயிருக்கும்போது பக்கத்தில் என்ன வாசனை இருக்கிறதோ அதை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் கங்காணி எங்களைப் பவுடர் போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது, தைலம் தேய்த்துக்கொண்டு வரக்கூடாது என்பார். பேச்சி முதல் நாள் வேலைக்கு வந்தபோது தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வந்தாள். கல்யாணம் ஆகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"இந்தாம்மா, பூவக் கழட்டி வேலியில வச்சுட்டு வா," என்றார் கங்காணி.

"வேலிக்கு எதுக்குங்கய்யா பூ? அதுக்கென்ன மாப்பிள்ளையா பாத்திருக்காக?" என்றாள் பேச்சி.

கங்காணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்கிற சாக்கில் அவள் முகத்தை நன்றாகப் பார்த்தேன். கறுப்பு, பெரிய பல், கன்னத்தில் அம்மைத் தழும்பு. அன்றைக்கே அவளோடு ஒட்டிக்கொண்டேன். எனக்கு அப்போது பதினாறு. அவளுக்குப் பதினெட்டு இருக்கலாம். அவளுக்கே சரியாகத் தெரியாது.

ஸ்டோரில் நிரந்தரமாக நாங்கள் மூன்று பேர். நான், பேச்சி, அப்புறம் லீலாம்மா. லீலாம்மா மலையாளத்துக் கிறிஸ்தவப் பெண். அவள் அப்பன் கோட்டயம் பக்கத்திலிருந்து வந்து காட்டைத் திருத்திக் கப்பை நட்டிருந்தார். கப்பை என்றால் மரவள்ளிக் கிழங்கு. எங்கள் மலையில் கப்பை என்றால்தான் புரியும். லீலாம்மா பேசுகிற தமிழும் கப்பை மாதிரிதான், பாதி வெந்தும் வேகாமலும் இருக்கும். பேச்சி அவளைக் கேலி செய்துகொண்டே இருப்பாள்.

பேச்சி வீடு கீழே கம்பத்தில். வாரத்தில் ஐந்து ராத்திரி மேலே லீலாம்மா வீட்டுத் தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டு, சனிக்கிழமை பொழுது சாயக் கீழே இறங்கிப் போவாள். திங்கட்கிழமை விடியலில் நடந்தே ஏறி வருவாள். அப்போது கீழே தமிழ்நாட்டிலிருந்து மேலே கேரளத்துக்கு அரிசி கொண்டு வரக்கூடாது. சோதனைச் சாவடியில் பைகளைத் தடவிப் பார்ப்பார்கள், முறத்தைக்கூடக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். மேலே ரேஷனில் போடுகிற அரிசியை வேகவைத்தால் அது ஒரு பக்கம் கல்லு, ஒரு பக்கம் கூழு. பேச்சி என்ன செய்வாள் என்றால், பழைய சேலையைக் கிழித்து நீளப் பையாகத் தைத்து, அதில் அரிசியைப் போட்டு வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, மேலே சேலையைக் கட்டி ஏறி வருவாள். சாவடியில் ஒருவர், "ஏம்மா, எத்தனாவது மாசம்?" என்று கேட்டாராம்.

"திங்கக்கிழமையானா அஞ்சு, செவ்வாக்கிழமையானா ஒண்ணுமில்லேன்னு சொல்ல நினைச்சேன். வாய அடக்கிக்கிட்டு வந்துட்டேன்," என்று எங்களிடம் சொன்னாள். நாங்கள் இருமும் வரை சிரித்தோம்.

அந்த அரிசியைத்தான் சனிக்கிழமை மத்தியானம் பொங்குவோம்.

சனிக்கிழமை காய் எடுக்கிற ஆட்கள் எல்லாம் மத்தியானத்தோடு போய்விடுவார்கள். அடுப்பைப் பார்க்க நாங்கள் மூன்று பேர் மட்டும் பொழுது சாயும் வரை இருக்க வேண்டும். கங்காணியும் தன் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார். அடுப்பு வாயில் தணல் சும்மா கிடக்கும். அதை முன்னால் இழுத்து மூன்று கல்லை வைத்தால் எங்கள் அடுப்பு தயார். அடுப்பிருந்த கொட்டகை மூன்று பக்கமும் திறந்தது, காற்று அடித்துக்கொண்டு போய்விடும், அங்கே சமைத்தால் காய்க்கு ஒன்றும் ஆகாது. கங்காணிக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார். ஒரு தடவை சுட்ட கப்பை இரண்டு கொடுத்தோம், வாங்கித் தின்றுகொண்டே, "இங்க தீ மூட்டக் கூடாது, தெரியும்ல?" என்றார்.

லீலாம்மா கப்பை கொண்டு வருவாள். காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் உப்பும் வைத்துக் கல்லில் நசுக்கி, தேங்காய் எண்ணெய் ஊற்றுவாள். அந்த மிளகாய் உங்கள் சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். ஒன்றைக் கடித்தால் காதுக்குள் மணி அடிக்கும். பேச்சி கம்பத்துச் சந்தையில் கருவாடு வாங்கி வருவாள். மொச்சைப் பயறும் கத்தரிக்காயும் போட்டு, புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றிக் குழம்பு வைப்பாள். நான் என்ன கொண்டு போவேன் என்று கேட்கிறீர்களா? ஓடைக்கரையில் சும்மா முளைத்துக் கிடக்கும் சேம்பைப் பிடுங்கிக்கொண்டு போவேன். அது நாக்கை அரிக்கும். பேச்சி அதையும் புளி விட்டு அடக்கிவிடுவாள். உண்மையைச் சொன்னால் நான் கொண்டு போனது வாயை மட்டும்தான்.

என் வீட்டில் எடுத்து வர ஒன்றும் கிடையாது. நிழல் மரம் கழிக்கும்போது கிளை விழுந்து அப்பாவுக்கு இடுப்பு போய்விட்டது. என் வேலையை வைத்துத்தான் லயத்து வரிசை வீடுகளில் அந்த ஒற்றை அறையை எங்களுக்கு விட்டு வைத்திருந்தார்கள். அம்மா, அப்பா, தம்பி, நான். அம்மா அரிசியைக் கையால் அள்ளும்போதே நாலு பேர் அதில் இருப்போம். நான் இரண்டாம் தடவை சோற்றுப் பானையைப் பார்த்தால் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள். என் கையைப் பார்ப்பாள். அவ்வளவுதான். அந்தப் பார்வை சோற்றோடு சேர்ந்து தொண்டையில் இறங்கும். பேச்சிக்கு மாமியார் வீட்டில் எல்லாரும் தின்ற பிறகுதான் சோறு. லீலாம்மாவுக்கு வீட்டில் ஐந்து தம்பிகள். மூன்று பேருக்குமே வீட்டில் தின்பது என்றால் ஒரு கூச்சம். அடுத்தவர் பங்கில் கை வைக்கிற மாதிரி.

முதல் சனிக்கிழமை நான் மூன்று இலை நறுக்கிப் போட்டேன். பேச்சி இரண்டைச் சுருட்டி அடுப்பில் எறிந்துவிட்டாள்.

"பிரிச்சு வச்சா யாருக்குக் கூட, யாருக்குக் கொறயன்னு கண்ணு போவும். ஒண்ணாக் கெடந்தா எவ எம்புட்டுத் தின்னான்னு எவளுக்குத் தெரியும்? தின்னுங்கடி," என்றாள்.

"ஈ ஒத்த எலையிலயா? மூணு ஆளா?" என்று லீலாம்மா முழித்தாள்.

"ஏன், ஒங்க சாமியாரு வைவாரா?"

"நின்டெ அம்மாயியம்ம வழக்கு பறயும்," என்றாள் லீலாம்மா. உன் மாமியார்தான் திட்டுவாள் என்று அர்த்தம்.

"அந்தக் கெழவி மலையேறி வர்றதுக்குள்ள எல்லாம் செமிச்சுப்போவும், வாடி."

ஒரு முழு வாழை இலை. நடுவில் சோறு குவியலாக. சோற்றைச் சுற்றிக் கப்பை. குழம்பை நேராகச் சோற்றின் தலையில் ஊற்றிவிடுவாள். மூன்று பேரும் மூன்று பக்கமாகக் குத்தவைத்து, வெளியே மழை இரைய, முதுகில் அடுப்புச் சூடு ஏற, தின்போம். பேச்சி கருவாட்டுத் துண்டுகளைச் சோற்றுக்குள் புதைத்துவிடுவாள். தோண்டி எடுப்பவருக்கு அது. நான் வேகமாகத் தோண்டுவேன். "இவ கையி பெருச்சாளி," என்பாள். அந்த இலையில் நான் எவ்வளவு தின்றேன் என்று யாரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. எனக்குப் பசி அடங்குகிறது என்றால் என்ன என்று அந்தச் சனிக்கிழமைகளில்தான் தெரிந்தது. தின்றுவிட்டு லீலாம்மா சாக்குமேல் மல்லாந்து படுத்து, "ஞான் மரிச்சு," என்பாள். "செத்தவளுக்கு எதுக்கு மிச்சம்," என்று பேச்சி கடைசிக் கப்பையை எடுத்துக்கொள்வாள்.

இரண்டு பருவம் அப்படி நடந்தது. இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அன்றைக்கு மழை சாய்த்து அடித்தது. அடுப்புக் கொட்டகைக்குள்ளேயே சாரல். குழம்பு கொதித்து இறக்கியாகிவிட்டது. கப்பை வெந்துகொண்டிருந்தது. தட்டுகள் நிறைந்து சூட்டறையைச் சாத்தி வைத்திருந்தோம், இன்னும் பூட்டவில்லை. அப்போது மேட்டில் ஜீப் சத்தம். முதலாளி சனிக்கிழமை வந்ததே கிடையாது. அவர் முட்டைகூடத் தொடாத சைவம். போன வருடம் லயத்துப் பக்கம் மீன் வாசம் அடித்தது என்று ஜீப்பை விட்டு இறங்காமலே திரும்பிப் போனவர்.

லீலாம்மா கப்பைப் பானையோடு அப்படியே நின்றாள். கப்பைக்குப் பயமில்லை, பயம் குழம்புக்குத்தான். பேச்சி, "வெளிய அந்தப் பொதருக்குள்ள வச்சிரு," என்றாள். வெளியே போனால் ஜீப்பிலிருந்து பார்த்துவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கினேன். சூட்டறைக் கதவைத் திறந்து உள்ளே ஓடினேன். கடைசி அடுக்குக்குக் கீழே, இரும்புக் குழாய்மேல் சட்டியை வைத்தேன். மூடியைப் போட்டேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன். இவ்வளவும் இரண்டு மூச்சுக்குள் நடந்தது.

முதலாளி வந்தார். கூடவே கங்காணியும் குடையோடு ஓடி வந்தார். தரம் பிரித்த காயைக் கையில் அள்ளிப் பார்த்தார். அப்புறம் சூட்டறைப் பக்கம் திரும்பி, "நெறைஞ்சிருச்சில்ல? பெறகு என்ன, பூட்டு. சூடு போகுதுல்ல," என்றார். கங்காணி பூட்டினார். சாவி இடுப்புக்குப் போனது. இரண்டு பேரும் ஜீப்பில் ஏறி மேல்காட்டைப் பார்க்கப் போனார்கள்.

நாங்கள் மூன்று பேரும் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கங்காணி திரும்பி வந்ததும் சொல்லிருவோம்டி. வைஞ்சாலும் வைவாரு. தெறந்து எடுத்துருவோம்," என்றாள் பேச்சி.

"வேணாம்," என்றேன் நான். "மூடி போட்டுருக்கு. ஒண்ணும் ஆவாது."

"கருவாடுடி."

"மூடி போட்டுருக்குக்கா."

கங்காணி பொழுது சாயத் திரும்பி வந்தார். அடுப்புக்கு ராத்திரி ஆள் வந்தான். பேச்சி என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவள் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். எனக்கு அன்றைக்கு இருந்தது ஒரே நினைப்புதான். சொன்னால் வேலை போகும், வேலை போனால் லயத்து அறை போகும், இடுப்பு போன அப்பாவை எங்கே கொண்டு போய் வைப்பது. ஏலக்காய் வாசனையை இழுக்கும் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். பிச்சிப்பூவை வேலியில் வைக்கச் சொன்னதைப் பார்த்தவள்தானே. ஆனாலும் அந்த மூடியை நம்பினேன். அந்த மூடி சட்டிக்குச் சேர்ந்ததுகூட இல்லை, வேறொரு பானையின் மூடி.

ஞாயிற்றுக்கிழமை திறந்தபோது நான் இல்லை. திங்கட்கிழமை காலை போனபோது முற்றத்தில் எல்லாரும் நின்றார்கள். காயைத் தாழ்வாரத்தில் சாக்கில் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். பச்சைப் பசேல் என்று, அவ்வளவு அழகான காய். கிட்டே போனால் கம்பத்துச் சந்தையில் கருவாட்டுக் கடை முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. சட்டி திண்டின்மேல் இருந்தது. அதன் கழுத்தில் கம்பி சுற்றியிருந்தது. விரிசல் விடாமல் இருக்கப் பேச்சியின் மாமியார் சுற்றிய கம்பி.

"யாரு சட்டி இது?" என்றார் முதலாளி. சத்தம் போடவில்லை.

அப்போதுதான் மலையேறி வந்து மூச்சு வாங்க நின்ற பேச்சி, "என்னோடதுங்கய்யா," என்றாள்.

"யாரு உள்ள வச்சது?"

பேச்சி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். தரையில் ஒரு அட்டைப்பூச்சி வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. அது போய்ச் சேரும் வரை பார்த்தேன் போல. அப்புறம் அவள் குரல் கேட்டது.

"நாந்தேன்."

லீலாம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். "பற," என்றாள் பல்லுக்குள். சொல்லு என்று. நான் சொல்லவில்லை.

கங்காணி கோபத்தில் சட்டியை எடுத்து முற்றத்தில் வீசினார். உடைந்து குழம்பு மழைத் தண்ணீரில் ஓடியது. ஸ்டோர் நாய் வந்து மொச்சையையும் கருவாட்டையும் வாலை ஆட்டிக்கொண்டு தின்றது. பேச்சியை அன்றைக்கே போகச் சொல்லிவிட்டார்கள். பாதை திரும்புகிற இடம் வரை அவள் பின்னாலேயே போனேன். அழுகிறாள் என்று நினைத்தேன். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நாயாச்சும் கூசாமத் தின்னுச்சு பாத்தியா?"

"அக்கா, நான் போயிச் சொல்லிர்றேன்."

"சும்மா கெட. ஒனக்கு லயம் போயிரும். எனக்குக் கீழ வீடு இருக்குல்ல," என்றாள். "போ. மழையில நிக்காத."

நான் போனேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவள் போ என்றதும் அவ்வளவு சீக்கிரமாகப் போனேன்.

அடுத்த சனிக்கிழமை ஸ்டோருக்குள் சாப்பாடு கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. தணலை இழுக்க முடியாது. லீலாம்மா தன் கப்பையை வேலிப் பக்கம் நின்று தின்றாள். நான் வேறொரு பக்கம் நின்றேன். அவள் என்னோடு சண்டை போடவில்லை. கேட்டால் பதில் சொல்வாள். அடுத்த வருடம் மலபார் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். போகிற அன்றைக்கு ஒரு பொட்டலம் காந்தாரி மிளகாய் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

பேச்சியைப் பார்க்க ஒரே ஒரு தடவை கம்பத்துக்குப் போனேன். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து எட்டு மாதம். வாசலில் நுழையும்போதே மாமியார் குரல். "வா, வா. கூட வேலை பாத்த புள்ளயா? இவ நாக்குக்கு வேலையவே தின்னவளாச்சே. ஒனக்குத் தெரியாததா." அதில் கோபம்கூட இல்லை. தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல். பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். பேச்சியும் சிரித்தாள். எனக்குச் சோறு போட்டுவிட்டுத் தானும் கொஞ்சம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தின்னவில்லை. பிசைந்தாள். பிசைந்து பிசைந்து ஓரமாக ஒதுக்கினாள். மாமியார் நடமாடும்போதெல்லாம் கை நின்றது. எங்களைத் தின்னுங்கடி என்று அதட்டிய கை அது.

மாமியார் தண்ணீர் எடுக்கப் போனபோது, "அக்கா, இப்பச் சொல்லிர்றேன் அந்தம்மாகிட்ட," என்றேன்.

"சொல்லிறாத. பெறகு இம்புட்டு நாளும் எதுக்கு மறைச்சன்னு அதுக்கு வேற வைவா," என்றாள். "தின்னு."

எனக்கு அது போதுமாக இருந்தது. அவளே வேண்டாம் என்கிறாளே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு மலையேறிவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் போகவே இல்லை. மஞ்சள் காமாலை என்று தகவல் வந்தது. நான் இறங்கிப் போவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

சென்ற சனிக்கிழமை பதினாறாம் நாள். லீவு கேட்டுப் போனேன். படையல் போட்டார்கள். செத்தவளுக்குப் பிடித்ததை வைக்க வேண்டும் என்று பேச்சியின் சித்தி ஒருத்தி கேட்டாள், "அவளுக்கு என்ன பிடிக்கும்?" வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. புருசன் மொட்டைத் தலையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாமியார்தான் மெதுவாகச் சொன்னாள். "என்னத்தப் பிடிச்சுச்சு அவளுக்கு? ஒரு வாய் நல்லாத் திங்கமாட்டா. கடைசி வருசம் தொட்டுத் தொட்டு வச்சுட்டு எந்திரிச்சிருவா. முன்னால என்னமோ நாக்கு நீளமின்னு பேரு. வேலையே போச்சே அந்த நாக்கால."

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பந்தியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"சட்டிய உள்ள வச்சது அவ இல்ல. நாந்தேன் வச்சேன். அவ எடுத்துருவோம்னா. நாந்தேன் வேணாம்னேன். எனக்காக அவ ஏத்துக்கிட்டா."

பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு நின்றாள். ஒருத்தி என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமியார் முன்னால் இலையில் சோறு போட்டிருந்தார்கள். பருப்பு ஊற்றிப் பிசைய ஆரம்பித்திருந்தாள். அந்தக் கை அப்படியே நின்றது.

"அவளாச்சும் சொல்லியிருக்கலாமில்ல," என்றாள். இலையைப் பார்த்துத்தான் சொன்னாள். "நாலு வருசம். தெனமும். விளையாட்டாத்தேன் சொன்னேன். வர்றவுக போறவுககிட்டயெல்லாம்... ஒரு நாள் ஒரு வார்த்தை எதுத்துச் சொல்லியிருந்தா என் வாய நான் அடக்கியிருக்க மாட்டனா?"

அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ எதுக்குடி இப்ப வந்து சொன்ன?"

அவள் இலையை மடித்துவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனாள். பேச்சியின் பெண் மூன்று வயசு, அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனது. சித்தி என்னை உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. நானே வெளியே வந்துவிட்டேன்.

ஜீப்பில் மலையேறும்போது நெஞ்சு லேசாக இருந்தது. அது எனக்கே அருவருப்பாக இருந்தது. பேச்சி கேட்டது ஒன்றே ஒன்று, சொல்லாதே என்று. அதையும் மீறி, அவள் பெயரை நல்லதாக்குகிறேன் என்று, நாலு வருடம் நான் சுமந்ததை இறக்கி அந்த அம்மாவின் தலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அவள் இனி எப்படிச் சோற்றில் கை வைப்பாள்?

இப்போது அரிசிக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. யாரும் வயிற்றில் கட்டிக்கொண்டு ஏறுவதில்லை. ஸ்டோரில் சனிக்கிழமை மத்தியானம் ஆளுக்கொரு தூக்குச்சட்டியோடு ஆளுக்கொரு மரத்தடிக்குப் போய்விடுகிறார்கள்.

அன்றைக்குத் திரும்பும்போது மெட்டில் ஜீப் நின்றது. மழை. எதிரே டீக்கடையில் புட்டும் கடலையும் சுடச்சுட வைத்திருந்தார்கள். எனக்குப் பசித்தது. நாலு வருடமாக அப்படிப் பசித்ததில்லை. உள்ளே போய் ஓரமாக உட்கார்ந்தேன். ஒரு தட்டு வைத்தார்கள். தின்றேன். தேங்காய் நிறையப் போட்டிருந்தார்கள், கடலை குழைந்து காரமாக இருந்தது. நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லப் பக்கத்தில் திரும்பினேன். ஆள் இல்லாத பெஞ்சுதான் இருந்தது.

கடைக்காரர் புட்டுக் குழலோடு வந்து நின்றார். "இனியும் வேணோ?"

வேண்டும் போலத்தான் இருந்தது.

"போதும்ணே," என்றேன்.